அவருடைய பிளட் ஆர்ட்டிஸ்டைக் கொன்றேன், தோற்றது நான்

பாண்டி உறுப்பினர்:
போன ஞாயிறு முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மேஜிக் என்ற கார்டு கேம் ஆடினோம். ஆளுக்கு 1 லைஃப்தான் மிச்சம், அது 0 ஆனால் தோல்வி. இரண்டு பக்கமும் பிளட் ஆர்ட்டிஸ்ட் என்ற கிரீச்சர் (உயிரி) கார்டு ஒன்று. அதுவோ வேறு எந்த கிரீச்சரோ செத்தால், நாம் குறிவைக்கும் ஆட்டக்காரருக்கு 1 லைஃப் குறையும், நமக்கு 1 ஏறும்.

என் டர்ன். கையில் ஒரு கிரீச்சரைக் கொல்லும் மர்டர் கார்டு இருந்தது. அவருடைய பிளட் ஆர்ட்டிஸ்டைக் கொன்றால் என்னுடையது ட்ரிகர் ஆகும் (அதன் வேலை தானாகக் கிளம்பும்), ஆட்டம் முடிந்தது என்று நினைத்துப் போட்டேன். முடிந்தது, ஆனால் எனக்கு.

செத்த கார்டும் ட்ரிகர் ஆகும் என்பது எனக்குத் தெரியும். எது முன்னால் நடக்கும் என்றுதான் யோசிக்கவில்லை. 603.3b விதிப்படி யாருடைய டர்னோ அவருடைய ட்ரிகர் முதலில் ஸ்டாக்கில் (நடக்கக் காத்திருப்பவற்றின் அடுக்கில்) ஏறும், எதிராளியுடையது அதன்மேல் உட்காரும். சுட்டு அடுக்கிய தோசையில் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்போம்? அப்படி அவருடையது முதலில் நடந்தது, என் லைஃப் 0. என் ட்ரிகர் ஸ்டாக்கிலேயே கிடந்தது.

ஒரே நேரத்தில் ட்ரிகர் ஆனால் ஒரே நேரத்தில்தானே நடக்க வேண்டும் என்று ரொம்ப நேரம் வாதாடினேன். இப்போது இந்த விதி நியாயம் என்றே படுகிறது, ஏதாவது ஒன்று முன்னால் நடந்துதானே ஆக வேண்டும். ஆனால் மர்டர் ஒரு இன்ஸ்டன்ட், எதிராளியின் டர்னிலும் போடலாம். அவருடைய அப்கீப் (டர்னின் தொடக்கக் கட்டம்) வரை பொறுத்துப் போட்டிருந்தால், அதே இரண்டு கார்டு, அதே மர்டர், என் ட்ரிகர் மேலே இருந்திருக்கும். அதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

கடலூர் உறுப்பினர்:
அண்ணா, எனக்கும் இதே வரிசைதான் பாடம் கற்பித்தது. மஞ்சக்குப்பத்தில் தங்கச்சியோடு ஆடும்போது என் 2/2 கரடிக்கு (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) ஜயண்ட் குரோத் போட்டேன். அது தரும் +3/+3 ஏறுவதற்குள் அவள் பதிலுக்கு லைட்னிங் போல்ட் போட்டாள். 3 டேமேஜ், கரடி செத்தது, குரோத்துக்கு டார்கெட்டே இல்லை. போல்ட்டை அவள் முதலில் போட்டு நான் குரோத்தால் பதில் சொல்லியிருந்தால் 5/5 ஆகிப் பிழைத்திருக்கும். அதிலிருந்து இருவருமே “பதில் இருக்கா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பிறகுதான் கார்டின் வேலையைச் செய்கிறோம்.

ஒரு சந்தேகம். ட்ரிகர் ஸ்டாக்கில் ஏறிய பிறகு அந்த கார்டையே கொன்றால் ட்ரிகர் நிற்குமா?

பாண்டி உறுப்பினர்:
நிற்காது தம்பி. ஏறிவிட்டால் அது தனி. கார்டு கல்லறைக்குப் போனாலும் ட்ரிகர் நடந்தே தீரும். பிளட் ஆர்ட்டிஸ்ட் என்றால் தான் செத்ததற்கும் இன்னொன்று ஸ்டாக்கில் ஏறும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போடுங்க.