பதில்: தவளையின் யூரோஸ்டைல் – தமிழில் என்ன?

> 'வாலென்பு' என்றே வைத்தால் என்ன சேர்? மூதாதைத் தவளைக்கு வால் இருந்ததுதானே.

தம்பி,

யூரோஸ்டைல் என்பது தவளையின் முள்ளென்பு வரிசையின் கடைசியில், இடுப்புக்கு நடுவே கிடக்கும் கோல் போன்ற என்பு. மூதாதைக் கதையில் நீங்கள் சொல்வது சரி. மடகஸ்காரில் கிடைத்த ட்ரையடோபட்ராகஸ் உயிர்ச்சுவடு சுமார் 25 கோடி ஆண்டு பழையது. அதன் திருவென்புக்கு (இடுப்பென்புகளைத் தாங்கும் முள்ளென்பு) முன்னால் 14 முள்ளென்புகள் (முதுகெலும்பின் துண்டுகள்), பின்னால் ஒட்டாத முள்ளென்புகளோடு ஒரு குட்டை வால். இன்றைய தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் 8 தான். பின்னால் இருந்தவை ஒரே கோலாகிவிட்டன.

ஆனால் வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்கிற பிள்ளை மூதாதையை நினைக்காது, வாற்பேத்தையைத்தான் நினைக்கும். ஆட்டி நீந்திய வால் சுருங்கி என்பாகிவிட்டது என்று எழுதிவைக்கும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குத் தெரியும்! நடப்பது வேறு. பெரும்பாலான வாற்பேத்தைகளின் வாலில் என்பே இல்லை. முதுகுநாணும் (முதுகு நெடுக ஓடும், என்பில்லாத தாங்குகோல்) தசையும் துடுப்பும்தான். மாரியில் வட்டை (வயல்) வாய்க்கால் ஓரம், நாலு காலும் முளைத்துக் கட்டை வாலோடு கரையேறி நிற்கும் குட்டியைப் பாருங்கள். அந்தக் கட்டை மெத்தென்றிருக்கும், முள் ஒன்றும் தட்டுப்படாது. தைரொயிட் ஓமோன் ஏறியதும் அந்த வாலின் கலங்கள் (செல்கள்) செத்து, உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அதே காலத்தில் உடலுக்குள் இன்னொரு வேலை. திருவென்புக்குப் பின்னாலுள்ள முள்ளென்புத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. முதுகுநாணுக்கு அடியில் ஒரு கசியிழையக் கம்பி (தமிழ்நாட்டு நண்பர்கள் குருத்தெலும்பு என்று வாசிக்கவும்) உருவாகி, என்பாக மாறி அவற்றோடு சேர்கிறது. இதைக் 'கீழ்நாண்' என்போமா? இரண்டும் சேர்ந்ததுதான் நாம் பெயர் தேடும் என்பு. வால் போன பிறகும் இருப்பதற்கு வாலின் பெயர் எதற்கு?

'குயிலலகு'ம் வேண்டாம், அது மனித முதுகெலும்பின் அடிநுனி என்புக்குப் போய்விட்டது. இது இரண்டு நீண்ட இடுப்பென்புகளுக்கு நடுவே நேராகக் கிடப்பது. என் முன்மொழிவு: கடைக்கோல். கடைசியில் இருக்கும் கோல், அவ்வளவுதான்.

– படுவான்கரையிலிருந்து



சேர்,

விளக்கத்தோடு உடன்பாடு, சொல்தான் இடிக்கிறது. ஒரு 'க்' விழுந்தால் அது மோர் கடையும் கடைகோல். தட்டச்சில் 'க்' விழாத நாள் உண்டா? 'கோலென்பு' போதும் என்று நினைக்கிறேன். காலிலும் நீள என்புகள் இருக்கின்றனவே என்று யாராவது கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் தனிப்பெயர் இருக்கிறது, தவளையின் முன்கையில் ஒட்டிப்போன ஆரை, அரந்தி என்ற இரண்டு என்புகளைக்கூட 'ஆரையரந்தி' என்று சொல்லிவிடலாம். இங்கிருந்து இடுப்புக்குப் போகும் தசைக்கும் 'கோலென்பு-இடுப்பென்புத் தசை' என்று சிரமமில்லாமல் பெயர் வந்துவிடும்.

'கீழ்நாண்' எனக்குச் சம்மதம். ஆனால் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்), முதுகுநாண், கீழ்நாண் மூன்றும் மேலிருந்து கீழாக அடுக்கி வருவதால் பிள்ளைகள் குழம்பும். குறுக்குவெட்டுப் படம் ஒன்றோடு கலைச்சொல் பட்டியலில் சேர்ப்போம். நான் வரைந்து அனுப்புகிறேன்.

– அக்கரைப்பற்றிலிருந்து