மியூனிக்ல இருந்து ஒரு நாள் கிராவல் ரூட்: ஏரியும் வேணும், மலையும் வேணும்

இசார்கரை:
வணக்கம் மக்களே. மியூனிக் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, போன மாசம்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கிராவல் பைக் (மண்ணு, கல்லு பாதைக்குத் தோதான சைக்கிள்) வாங்கினேன். 40 மிமீ டயர், முன்னாடி ஒரே பல்சக்கரம் 40 பல்லு, பின்னாடி இருக்கறதுல பெருசு 42 பல்லு. இதுவரைக்கும் இசார் ஆத்தோரமா வோல்ஃப்ராட்ஸ்ஹவுசன் வரைக்கும் போயிட்டு எஸ்7 லோக்கல் ட்ரெய்ன் புடிச்சு வீட்டுக்கு வந்ததோட சரி. போன ஞாயித்துக்கிழமை ஸ்டார்ன்பெர்க் ஏரியை ஒரு ரவுண்டு அடிச்சிடலாம்னு கிளம்பினேன், கிட்டத்தட்ட 50 கிமீ, ஆனா பாதிக்கு மேல தார் ரோடு, மிச்சம் இருந்த மண் பாதையில ஐஸ்கிரீமோட குழந்தைங்க, நாயி, தள்ளுவண்டி, பெல் அடிச்சு அடிச்சு கட்டை விரல் வீங்கினதுதான் மிச்சம்.

எனக்கு வேண்டியது இதுதான். ட்ரெய்ன்ல போயி ட்ரெய்ன்ல திரும்பணும், ஒரே நாள், 60ல இருந்து 90 கிமீ, ஏத்தம் 700-800 மீட்டர் வரைக்கும் ஓகே. ஏரிக்கரையும் வரணும், ஆல்ப்ஸ் அடிவாரக் காட்டுப் பாதையும் வரணும். கார் உரசிட்டுப் போற ரோடுன்னா எனக்கு ஆகாது. வீட்டம்மாவும் வர்றா, ஏத்தத்துல என்னை விட அவ கெட்டி, இறக்கத்துலதான் பயப்படுவா. எங்க போகலாம்?

கொல்லிமலை70:
நண்பா, நீங்க பண்ணதையேதான் இங்க வர்ற எல்லாரும் முதல்ல பண்றோம். மேப்ல நீலமா ஒரு ஏரி தெரிஞ்சா அதைச் சுத்தணும்னு கை அரிக்கும். இந்தப் பக்கத்து ஏரிக்கரைங்க பாதி பங்களா, பாதி பீர் கார்டன். நல்ல கிராவல் இருக்கறது ஒரு ஏரியில இருந்து அடுத்த ஏரிக்குப் போற வழியில, சதுப்பு நிலத்துலயும் காட்டுலயும். அதனால ஒரு ஏரியைச் சுத்தாம ஏரிக்கு ஏரி தாவற மாதிரி ரூட் போடுங்க. நான் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போறது இது:

கோஹல் போற ட்ரெய்ன்ல ஏறி ஸீஸ்ஹவ்ப்ட்ல இறங்குங்க, ஸ்டார்ன்பெர்க் ஏரியோட தெக்கு முனை. அங்கிருந்து தெக்கால ஓஸ்டர்ஸேன், சின்னதும் பெருசுமா 20 ஏரி கிட்ட இருக்கு, எல்லாம் பனியாறு உருகினப்போ விட்டுட்டுப் போன குழிங்க. இயற்கைக் காப்பகம்ங்கறதால சில துண்டு நடக்கறவங்களுக்கு மட்டும், போர்டு பாத்து போங்க. இஃபெல்டோர்ஃப், பென்ஸ்பெர்க் தாண்டி பெனடிக்ட்பாயர்ன் மடத்துக்குப் பக்கத்துல சதுப்பு நிலம் ஆரம்பிக்கும். அங்கதான் ரைடே ஆரம்பம்னு நான் சொல்லுவேன், சப்பட்டையான வெள்ளைக் கல் பாதை, ரெண்டு பக்கமும் வைக்கோல் அடுக்கற மரக் கொட்டகைங்க, எதிர்க்க திடீர்னு சுவர் மாதிரி மலை.

கோஹல் ஏரிகிட்ட வந்ததும் மலைச்சரிவுல ஆறு பெரிய குழாய் மேல இருந்து இறங்கறது தெரியும். 1924ல ஓட ஆரம்பிச்ச நீர்மின் நிலையம் அது. மேல இருக்கற வால்ஹன்ஸே ஏரிக்கும் கீழ இருக்கற கோஹல் ஏரிக்கும் 200 மீட்டர் உயர வித்தியாசம், அந்தத் தண்ணி சும்மா இறங்கற 200 மீட்டரையும் அதுக்கு மேல கொஞ்சமும் நீங்க கால்ல மிதிச்சு ஏறணும். கெஸல்பெர்க் ரோடு, தார்தான், வேற நல்ல வழி இல்ல. 1492ல போட்ட பழைய பாதை காட்டுக்குள்ள இருக்கு ஆனா அதுல சைக்கிள் உங்க மேல ஏறித்தான் வரும். சனி ஞாயிறு லீவு நாள்ல மோட்டார் பைக்குங்க இந்தப் பக்கம் மேல ஏறக்கூடாதுன்னு தடை இருக்கு, அதனால வீக்எண்ட்ல காலையில சீக்கிரம் ஏறிட்டா பெரிய தொல்லை இல்ல. நாமக்கல் பக்கம் இருந்து வந்தவன் சொல்றேன், கொல்லிமலை 70 கொண்டை ஊசி பாத்தவங்களுக்கு இது டீ குடிக்கப் போற தூரம்.

ஊர்ஃபெல்ட்ல இறங்கினதும் எல்லாரும் வலது பக்கம் மெயின் ரோட்ல போவாங்க. நீங்க இடது பக்கம் திரும்புங்க. ஸாஹன்பாஹ் போற குட்டி ரோட்ல வெளி கார் விடமாட்டாங்க, அந்தப் பண்ணை வீடுங்க தாண்டினதும் தண்ணிக்கு ஒட்டினாப்ல கல் பாதை நீடர்னாஹ் வரைக்கும். பிறகு யாஹனவ் பள்ளத்தாக்கு, லெங்ரீஸ், அங்க ட்ரெய்ன். மொத்தம் 65 கிமீ சொச்சம். கால் இன்னும் அரிச்சா இசாரோடயே பாட் ட்யோல்ஸ் வரைக்கும் இறங்கிடலாம்.

யாழ்_மிதிவண்டி:
தம்பி, மேல சொன்ன ரூட் நல்லது, குறை சொல்ல மாட்டன். ஆனா இன்னொண்டும் கேளுங்கோ. நான் இஞ்ச வந்து 25 வருசத்துக்கு மேல. ஒருநாள் லெங்ரீஸ் போறதுக்கெண்டு விடிய வெள்ளன கோச்சியில (ட்ரெய்ன்தான்) ஏறி நல்ல நித்திரை. அந்தக் கோச்சி மூண்டு துண்டா போறது, ஹோல்ஸ்கிர்ஹன்ல ஒண்டு கழரும், ஷாஃப்ட்லாஹ்ல மற்றது பிரியும். கண் முழிச்சுப் பாத்தா எனக்கு முன்னால டேகெர்ன்ஸே. பிழையான பெட்டி! திரும்பிப் போக மனமில்லாம, வந்ததுதான் வந்தம் எண்டு ஏரியின்ர மேற்குப் பக்கம் பாட் வீஸேக்குப் போய், பின்னால மலைக்குள்ள போற ஸோல்பாஹ் பள்ளத்தாக்கில விட்டன். அப்பிடியொரு பாதை! வாகனம் இல்ல, ஆறு பக்கத்தில சலசலவெண்டு வருது, மெதுமெதுவா ஏறி 1,027 மீட்டரில ஷ்வார்ட்ஸன்டென் ஆல்ம் (ஆல்ம் எண்டா மலைமேல மாடு மேய்க்கிற பண்ணைக் குடில்). ஏரியில இருந்து 300 மீட்டர்தான் ஏத்தம். அங்கால க்ரொய்ட் பக்கம் இறங்கி திரும்ப ஏரிக்கு வரலாம். முதல்முறை மலைக்குப் போறவைக்கு இதுதான் நல்லது எண்டு நான் சொல்லுவன். ஞாயிறு மத்தியானம் மட்டும் போகாதேங்கோ, சரியான சனம்.

இசார்கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, மேப்ல ஸாஹன்பாஹ் பாத்ததும் மனசு அங்கயே போயிடுச்சு. சின்ன டவுட், காட்டு ரோட்ல சைக்கிள் விட்டா யாராவது ஃபைன் போடுவாங்களா? அப்புறம் டயர்ல எவ்ளோ காத்து? நான் நம்மூர் பழக்கத்துல கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கேன்.

பஞ்சர்பாண்டி:
கல்லு மாதிரியா?? மொதல்ல அதை இறக்குங்க. 75 கிலோ ஆளு, 40 மிமீ ட்யூப்லெஸ்னா பின்னாடி ரெண்டரை பார் (காத்தழுத்த அளவு) கிட்ட, முன்னாடி அதுக்கும் கொஞ்சம் கம்மி. ட்யூப் போட்டிருந்தா கொஞ்சம் ஏத்திக்கங்க, இல்லனா கல்லுல அடிச்சு ட்யூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

ஃபைன் பத்தி பயப்படாதீங்க. நம்ம மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்தோட அரசியல் சாசனத்துலயே 141வது பிரிவுல காடு மலையில எல்லாரும் திரியலாம்னு உரிமை எழுதி வச்சிருக்கான், பொருத்தமான பாதைன்னா சைக்கிளும் அதுல சேத்தி. ஆனா மரம் வெட்டற இடத்துல பாதையை மூடி போர்டு வச்சிருந்தா நின்னுடுங்க, அது விளையாட்டு இல்ல.

வீட்டம்மா இறக்கத்துல பயப்படுவாங்கன்னு சொன்னீங்கல்ல, அவங்க பயம் கரெக்டு. மர லாரி போற பாதையில புதுசா கொட்டின கல்லு வளைவுலதான் குவிஞ்சு கிடக்கும். நான் போன வருஷம் யாஹனவ் தாண்டி ஒரு வளைவுல, உள்ள போன பிறகு முன் பிரேக்கைப் புடிச்சேன், சக்கரம் அப்படியே சோப்பு மாதிரி வழுக்கிடுச்சு, முழங்கையில இருந்து கல்லை எங்க அக்கா ட்வீஸர் வச்சு பொறுக்கி எடுத்தாங்க, திட்டிக்கிட்டே. பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே புடிச்சு முடிச்சிடணும், வளைவுக்குள்ள சும்மா உருளணும். கை ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல இருக்கட்டும்.

மழை பேஞ்சிருந்தா இன்னொரு கூத்து. இங்க எல்லாம் சுண்ணாம்புக் கல், தூள் நனைஞ்சா சிமெண்ட் கரைசல் மாதிரி ஆயி செயின்லயும் பிரேக் பேட்லயும் அப்பிக்கும், வீட்டுக்கு வந்ததும் கழுவிடுங்க, காய விட்டா முடிஞ்சது கதை. கோடையில மாடுங்க மேல மேயும், பாதைக்குக் குறுக்க இரும்புக் கம்பிக் கட்டம் இருக்கும், அதை நேரா தாண்டணும், சாய்ச்சு போனீங்கன்னா விழுவீங்க. கேட் திறந்தா மூடிட்டுப் போங்க.

வார நாள்னா எஸ்-பான்ல (எஸ்7 மாதிரி லோக்கல் ட்ரெய்ன்) காலை 6-9, சாயங்காலம் 4-6 சைக்கிள் ஏத்த முடியாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க. டாய்ட்ச்லாண்ட் டிக்கெட்ல (ஜெர்மனி முழுக்க லோக்கல் ட்ரெய்ன், பஸ்ஸுக்கான மாசப் பாஸ்) சைக்கிள் சேராது, அதுக்குத் தனி டிக்கெட்.

கொல்லிமலை70:
+1 பாண்டி. சாப்பாடு விட்டுட்டோம். கறி வேண்டாம், முட்டை ஓகேன்னா ஆல்ம்ல கெய்ஸ்ஷ்பெட்ஸ்ல (சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி) இல்ல கைஸர்ஷ்மார்ன் (பிச்சுப் போட்ட இனிப்பு பான்கேக்), ரெண்டுல எதைத் தின்னாலும் அப்புறம் ஏத்தம் ஏற முடியாது. கையில கட்டிட்டுப் போறதே மேல்.

இசார்கரை:
போயிட்டு வந்துட்டோம்!! சனிக்கிழமை. கெஸல்பெர்க்ல அவ எனக்கு முன்னாடியே மேல போயி உக்காந்து, நான் வர்றதை வீடியோ எடுத்துட்டா, நாலு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிடுச்சு. ஊர்ஃபெல்ட்ல இடது பக்கம் திரும்பினோம், ரெண்டே நிமிஷத்துல சத்தம் மொத்தமும் அடங்கிடுச்சு, தண்ணி அப்படி ஒரு பச்சை, கரையில உக்காந்து புளியோதரை டப்பாவைத் திறந்தா எங்கிருந்தோ ஒரு வாத்து வந்து என் ஷூ மேலயே ஏறி நின்னு ஒவ்வொரு வேர்க்கடலையா வாங்கித் தின்னுச்சு. கால் நனைக்கலாம்னு இறங்கினேன், முட்டி வரைக்கும் போறதுக்குள்ள மரத்துடுச்சு. யாஹனவ் இறக்கத்துல ரெண்டு பேரும் பாண்டி சொன்ன மாதிரி வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சோம், அவ ஒரு தடவை கூட இறங்கித் தள்ளல.

அடுத்து ஸோல்பாஹ்தான். யாழ் அண்ணா, டேகெர்ன்ஸேக்கு எந்தப் பெட்டின்னு சொல்லுங்க, நாங்க லெங்ரீஸ்ல போய் முழிக்கக் கூடாது.

யாழ்_மிதிவண்டி:
பெட்டியில ஊர்ப்பேர் எழுதியிருப்பினம் தம்பி, வாசிச்சிட்டு ஏறுங்கோ. ஷாஃப்ட்லாஹ் தாண்டும்வரைக்கும் நித்திரை கொள்ளாதேங்கோ.