நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறும் ஜெட் படகு: சறுக்குபவரை எழுப்ப முடியவில்லை, உதவி தேவை

கேள்வி (தஞ்சோங் பூங்கா, பினாங்கு)

வணக்கம். என்னிடம் 19 அடி ஜெட் படகு ஒன்று இருக்கிறது. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் இயந்திரம். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் பம்ப் 155 மில்லிமீட்டர். ஞாயிறு காலைகளில் பத்து ஃபிரிங்கிக்கு அப்பால் அலை குறைந்திருக்கும் நேரம் பார்த்து என் மகனும் அவன் நண்பர்களும் நீர்ச்சறுக்குப் பழகுகிறார்கள். வேகம் பிடித்த பிறகு படகில் எந்தக் குறையும் இல்லை. சிக்கலெல்லாம் முதல் ஐந்து விநாடிகளில்தான்.

கயிறு விறைத்ததும் த்ரோட்டிலை முழுதாகத் தள்ளினால் இயந்திரம் அலறுகிறது, பின்பக்கம் சல்லியை அரைப்பது போன்ற சத்தம் கேட்கிறது, படகின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, ஆனால் படகு நகர மறுக்கிறது. மகன் 60 கிலோ. இரட்டைப் பலகையில் எப்படியோ எழுந்துவிடுகிறான். அவனுடைய நண்பர் ஒருவர் 85 கிலோ. ஒற்றைப் பலகையில் முயன்று, தண்ணீரைக் குடித்து, கை சோர்ந்து பிடியை விட்டுவிடுகிறார். பட்டறை ஒன்றில் கேட்டதற்கு இயந்திரத்தின் திறனைக் கூட்டுவதுதான் வழி என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட பிறகு பிட்ச் (இதழின் சாய்வு) குறைந்த இம்பெல்லர் (பம்பினுள் சுழலும் விசிறி) போதுமா என்ற யோசனை வந்தது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி (பட்டர்வொர்த்)

வணக்கம் ஐயா. எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: அந்த ஐந்து விநாடிகளில் ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) முள் எங்கே நிற்கிறது? முழு வேகத்தில் ஓடும்போது எங்கே நிற்கிறது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வெளியே புரொப்பல்லர் உள்ள படகில், படகு நகர நகர இயந்திரத்தின் சுமை குறைந்து சுழற்சி மெல்ல ஏறும். ஜெட் பம்ப் அப்படியல்ல. அது ஏறத்தாழ எப்போதும் ஒரே சுமையைத்தான் இயந்திரத்தின் மேல் வைக்கும் என்பதால், படகு நின்றாலும் ஓடினாலும் முழு த்ரோட்டிலில் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கிளம்பும்போது முள் கீழே நின்றால் இயந்திரத்தில் பலம் போதவில்லை என்று பொருள். மேலே தாவினால் பம்பின் வாயில் தண்ணீர் நிரம்பவில்லை, இம்பெல்லர் காற்றையோ வெற்றுக் குமிழ்களையோ பிசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது நிலையில் இயந்திரத்தின் திறனைக் கூட்டுவது ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் வைப்பது போலத்தான்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை பார்த்தேன். முழு வேகத்தில் 7,400. கிளம்பும்போது 7,900 வரை தாவி, படகு கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் சட்டென்று 7,400-க்கு இறங்குகிறது. இறங்கும் அந்த நொடியில்தான் இழுவையும் வருகிறது.

மறுமொழி (பாயான் லெப்பாஸ்)

நம் ஊர்க் கடல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. சூடான நீர் எளிதில் ஆவியாகும் என்பதால் இங்கே ஜெட் படகுகளுக்குக் கேவிட்டேஷன் (அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் ஆவியாகிக் குமிழாவது) வருவது இயல்புதான். குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து நாம் ஏங்கக் கூடாது.

மறுமொழி (பட்டர்வொர்த்)

பாயான் லெப்பாஸ் நண்பர் சொல்வதில் இயற்பியல் சரி, அளவுதான் இடிக்கிறது. 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல், 15 டிகிரியில் 1.7. காற்றழுத்தமோ 101. அந்த இரண்டரை கிலோபாஸ்கல் வேறுபாடு ஐந்து விநாடித் திணறலுக்குக் காரணமாகாது.

ஐயா, உங்கள் முள் தெளிவாகச் சொல்லிவிட்டது: பம்ப் வழுக்குகிறது. படகு ஓடும்போது முன்னிருந்து வரும் நீர் தானே உள்வாயில் புகுந்து அழுத்தம் கொடுக்கும். நிற்கும்போது அந்த உதவி இல்லாததால், தனக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் பம்ப்பே உறிஞ்சியாக வேண்டும். ஓட்டத்தில் மறைந்துகிடக்கும் சின்னக் குறைகூட அதனால் கிளம்பும்போது பல்லைக் காட்டிவிடும்.

படகை டிரெய்லரில் ஏற்றி, இயந்திரத்தை அணைத்து, சாவியையும் பாதுகாப்புக் கயிற்றையும் உருவி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு அடியில் படுங்கள். அந்தச் சாவி விஷயத்தில் மட்டும் யாரையும் நம்ப வேண்டாம். கம்பி வலை வழியாக டார்ச் அடித்து இம்பெல்லர் தண்டைப் பாருங்கள். நம் கரையோரத்தில் தங்கூசி (நைலான் மீன்பிடி இழை), பிளாஸ்டிக் பை, சாக்கு நார் என்று எதுவும் சுற்றிக்கொள்ளும்; ஒரே ஒரு தங்கூசிச் சுருள் நீரோட்டத்தைக் கலைத்துவிடப் போதும். அடுத்து, இம்பெல்லர் இதழின் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடுக்கு அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து ஒவ்வொரு இதழிலும் அளந்து பாருங்கள். இந்த அளவுப் பம்புகளில் 0.35 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை இருந்தால் நலம். 0.6-ஐத் தாண்டினால், அழுத்தி அனுப்பிய தண்ணீரில் ஒரு பகுதி அந்த இடுக்கு வழியாகவே பின்வாங்கி வந்துவிடும். இதழின் முன்விளிம்பைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மணலும் சிப்பியும் கடித்த பள்ளங்கள் ஒவ்வொன்றும் குமிழ் பிறக்கும் இடங்கள்.

கடைசியாகக் காற்று. பம்ப் படகின் அடியோடு சேரும் விளிம்பில் சீலண்ட் விரிசல் விட்டிருக்கிறதா, துப்புரவு மூடியின் (பம்பில் சிக்கிய குப்பையை எடுக்கும் திறப்பின் மூடி) ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் இம்பெல்லர் பற்றிப் பேசலாம்.

மறுமொழி (தெலுக் பஹாங்)

நான் 12 ஆண்டுகளாக இழுத்துப் பழகியவன் என்பதால் ஓட்டும் விதம் பற்றி மட்டும் சொல்கிறேன். த்ரோட்டிலை ஒரே மூச்சில் தள்ளாதீர்கள். பம்ப் நல்ல நிலையில் இருந்தாலும் நின்ற நீரில் அதை ஒரேயடியாக மிதித்தால் குமிழ் கிளப்பத்தான் செய்யும். ஐட்லில் ஊர்ந்து 23 மீட்டர்க் கயிற்றின் தொய்வை எடுங்கள். சறுக்குபவர் குரல் கொடுத்ததும் பாதி வரை கொண்டுபோய், இருக்கை உங்கள் முதுகைத் தள்ளுவதை உணர்ந்த பிறகு மீதியைத் தள்ளுங்கள். இடையில் போவது ஒரு விநாடிதான், அந்த ஒரு விநாடியில் பம்ப் தண்ணீரைக் கவ்விக்கொள்ளும்.

பின் இருக்கையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? மூக்கு வானத்தைப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருவரை முன்பக்கம் அனுப்புங்கள். குளிர்பெட்டியையும் நங்கூரத்தையும் முன்னே தள்ளுங்கள். பின்கனம் குறைந்தால் படகு தான் எழுப்பும் அலை மேட்டை ஏறிக் கடப்பது எளிது. 85 கிலோ நண்பர் சில வாரங்களுக்கு இரட்டைப் பலகையில் எழுந்து, ஒன்றைக் கழற்றிவிடப் பழகட்டும். ஆழத்தில் ஒற்றைப் பலகையில் எழுவது எந்தப் படகுக்கும் கடினமான வேலை.

கேள்வி கேட்டவர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். தண்டில் தங்கூசி இருந்தது. விரல் தடிமனில், வெயிலில் பழுத்த மஞ்சள் நிறத்தில், கத்தியால் அறுத்து எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதை எடுத்ததுமே முள் 7,900-க்குத் தாவுவது 7,700 ஆகக் குறைந்தது. மீதி இடைவெளியில் இருந்தது: இரண்டு இதழ்களில் 0.65, ஒன்றில் 0.7. முன்விளிம்பில் மூன்று பள்ளங்கள். கரைக்கு மிக அருகே, முழங்காலளவு நீரில் நானே பலமுறை த்ரோட்டிலைத் தள்ளியிருக்கிறேன் என்பதால் அவற்றுக்குக் காரணம் யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. இம்பெல்லரைப் பட்டறையில் கொடுத்து நுனிகளைப் பற்றவைத்து, கடைந்து, 0.4-க்குக் கொண்டுவந்தார்கள். பிட்சை மாற்றவில்லை. துப்புரவு மூடியின் ஓ-ரிங்கையும் மாற்றினேன். அதில் மணல் ஒட்டியிருந்தது.

போன ஞாயிறு தெலுக் பஹாங் அண்ணன் சொன்னபடி இருவரை முன்னே அமர்த்தி, பாதியில் நிறுத்தித் தள்ளினேன். முள் 7,400-இல் அசையாமல் நின்றது, அந்த அரைக்கும் சத்தமும் இல்லை. 85 கிலோ நண்பர் இரட்டைப் பலகையில் முதல் முயற்சியிலேயே எழுந்தார். ஒற்றைப் பலகையில் மூன்றாவது முயற்சியில். அதற்கு மேல் அவரது கையில் தெம்பில்லை.

மறுமொழி (பட்டர்வொர்த்)

மகிழ்ச்சி ஐயா. 50 மணி நேரம் ஓடியபின் அந்த இடைவெளியை மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்று இதழ்களில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு விலகத் தொடங்கினால், தண்டின் பேரிங் தேய்கிறதா என்றும் பாருங்கள்.