சிகரெட்டை நிறுத்த: அதிமதுரமா, வரெனிக்ளினா?

வேர்ப்பொடி:
என் ஓட்டு அதிமதுரத்துக்கு. புகையை விடத் தரும் மாத்திரையான வரெனிக்ளினை வாங்கிய பலர் குமட்டலிலேயே பாதியில் விட்டுவிடுகிறார்கள். சிகரெட் ஏக்கம் ஒருமுறை எழுந்தால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். அதுவரை வாயில் ஒதுக்க ஒரு துண்டு அதிமதுரமோ ரெண்டு கிராம்போ போதும்.

மாத்திரைக்கணக்கு:
வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடணும். முதல் 3 நாள் 0.5 மி.கி. தினம் ஒரு வேளை, 4 முதல் 7ஆம் நாள்வரை இருவேளை, 8ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை, மொத்தம் 12 வாரம். சிகரெட்டை விடுவது அந்த 8ஆம் நாள். கனவுத் தொல்லை இருந்தால் இரண்டாவது மாத்திரையைப் படுக்கும்போது போடாமல் ராச்சாப்பாட்டோடு போடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவே வேறு, டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

அதிமதுரத்தைத் தினமும் மென்றால் அதிலுள்ள கிளைசிரைசின் பொட்டாசியத்தைக் குறைத்து பி.பி.யை ஏற்றும். அதைச் சொல்லவே மாட்டீர்களே!

வேர்ப்பொடி:
பி.பி.காரர்கள் சோம்பு மெல்லட்டும். மனநிலை கெடும் என்று அமெரிக்காவில் வரெனிக்ளின் மருந்துக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தார்களே? அதுபோக, அந்த மருந்துக்கு மூலமே செடிதான். லேபர்னம் விதையிலுள்ள சைட்டிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் அதை உருவாக்கினார்கள். அந்தச் சைட்டிசினையே பல்கேரியாவில் 1964 முதல் டேபெக்ஸ் என்ற புகைநிறுத்த மாத்திரையாக விற்கிறார்கள்.

மாத்திரைக்கணக்கு:
சுமார் 8,000 பேரிடம் சோதித்துப் பார்த்தபின் 2016இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். டேபெக்ஸ் நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு எதிரான உதாரணம். ஒரு மாத்திரையில் 1.5 மி.கி., முதல் 3 நாள் 2 மணிக்கொன்றாக ஆறு, பிறகு குறைத்துக்கொண்டே வந்து 25 நாளில் முடிக்கணும். 5ஆம் நாளுக்குள் புகை நிற்கணும். அதே விதையை அப்படியே மென்றால் விஷம். லோபிலியாவும் செடிதான். பலன் நிரூபிக்கப்படாததால், அதிலுள்ள லோபிலின் கலந்த புகைநிறுத்த மருந்துகளை 1993இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தடுத்தது.

டீக்கடை_பெஞ்ச்:
துளசி, கிராம்பு சுருட்டிய மூலிகை சிகரெட்?

வேர்ப்பொடி:
அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எரித்தால் எந்த இலையும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான்.

டீக்கடை_பெஞ்ச்:
அப்போ நிகோட்டின் சூயிங்கம்? 2 மி.கி. சீட்டில்லாமலே கிடைக்குதே.

மாத்திரைக்கணக்கு:
எழுந்த அரைமணிக்குள் பற்றவைப்பவருக்கு 2 பத்தாது, 4 வேண்டும், அதற்குச் சீட்டு தேவை. பபிள்கம் மாதிரி மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும் வரும். மெதுவாக மென்று, சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கினால் மறுபடி மெல்லணும், இப்படி அரைமணி. அதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் ஏறாது.

வேர்ப்பொடி:
இத்தனை கணக்கை டீக்கடையில் நின்று யார் பார்ப்பார்? சோம்புக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.

மாத்திரைக்கணக்கு:
சோம்பு வாய்க்கு வேலை கொடுக்கும், நிகோட்டின் கேட்கிற மூளைக்கு ஒன்றும் கொடுக்காது. இன்னொன்று: ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள் சோம்பால் விட்டாலும் மாத்திரையால் விட்டாலும் டாக்டரிடம் சொல்லியாகணும். புகை நின்றதும் ஈரல் அந்த மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும். பழைய அளவே ரத்தத்தில் கூடிப்போய் வாந்தி, படபடப்பு வரை கொண்டுபோகும்.