புதுப்பிப்பு: 'சோழவந்தான்' பொருந்திவிட்டது

மாமாவின் வெற்றிலைக் கடைக்காக இரண்டு ஊர்ப் பட்டியல்களை பைத்தான் நிரல்மொழியில் ஒப்பிடுகிறேன், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பெயர்கள்கூடப் பொருந்தவில்லை, ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டும் பயனில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது.

இரண்டு பட்டியலிலும் 'சோழவந்தான்' என்ற பெயருக்கு நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் 10, மற்றதில் 11! நமக்கு அது ஆறெழுத்து. பைத்தான் எண்ணுவதோ யூனிகோட் குறியீடுகளை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்களை. 'ந்' என்றாலே அதற்கு இரண்டு: 'ந' ஒன்று, புள்ளி ஒன்று. கூடுதலான அந்த ஒன்று 'சோ'வில் ஒளிந்திருந்தது. ஒரு பட்டியலில் ஓகாரக் குறி முழுதும் ஒரே குறியீடு. இன்னொன்றில் இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனி.

பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் மூலம் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியதும் இரண்டும் 10. கோரிப்பாளையமும் அதோடு சரியானது.

மேலூர் மட்டும் முரண்டு பிடித்தது. அதன் வாலில் அகலமே இல்லாத இடைவெளி ஒன்று. ஸ்ட்ரிப் அதை இடைவெளியாகவே மதிக்காது. ஒன்றுக்குப் பதில் வேறொன்றை வைக்கும் ரிப்ளேஸ் போட்டுத்தான் எடுத்தேன். அப்புறம், ரிப்ளேஸ் பழைய சரத்தை (எழுத்துத் தொடரை) மாற்றாது, புதிதாக ஒன்றைத் தரும். அதை மறக்காமல் ஒரு மாறியில் (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரில்) வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று காலை ஊர்வாரிப் பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். மாமா நோட்டோடு வைத்துச் சரிபார்த்தார், ஒத்துப்போனது.