ஓ, யூ, ஜி, எச் (ough) சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்கள்: உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் அனுபவம் எது?

பொன்னி:
இந்த நான்கு எழுத்துகள் ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வோர் ஒலியில் வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்த மூன்றாம் வாரம். வான்கோமைசின் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் மறு கையில் பட்டையைக் கட்டி, இரத்தம் எடுக்க நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்பில் இருந்த ‘ட்ராஃப்’ என்ற சொல்லை, ஊடாக என்னும் ‘த்ரூ’ என்று படித்து, மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும் என்று நானாகப் பொருள் கொண்டிருந்தேன். ஊசி முனை தோலைத் தொடும் முன் மூத்த செவிலி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்தப் பிடியின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

‘ட்ராஃப்’ என்றால் மாடு குடிக்கும் தொட்டி. இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்கும் அதுவே பெயர். இரத்தத்தில் மருந்தின் அளவு அந்தப் பள்ளத்தைப்போல இறங்கிக் கிடக்கும் நேரத்தில், அதாவது அடுத்த வேளை மருந்தை ஏற்றுவதற்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டிய மாதிரி அது. ஏறும்போது எடுத்திருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டியிருக்கும். அதை நம்பி மருந்தைக் குறைத்திருப்பார்கள். கழனித் தொட்டியைத் தினமும் நிரப்பி வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தெரியாமல் போனதே என்பதுதான் ஆறவில்லை.

வானம்பார்த்தவன்:
பொன்னி அக்கா சொன்னதைப் படித்ததும் என்னுடையது நினைவுக்கு வந்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்காக ஆங்கிலத்தில் நிவாரண மனு தட்டச்சு செய்து கொடுத்தேன். வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரௌட்’ என்பதில் ஓ வர வேண்டிய இடத்தில் ஏ விழுந்து, ஐந்து இடங்களிலும் ‘ட்ராஃப்ட்’ ஆகிவிட்டது. அதுவும் சரியான சொல்தான் என்பதால் கணினி சிவப்புக் கோடு போடவில்லை. கதவிடுக்கில் வரும் குளிர்காற்று, பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம் எல்லாம் அதன் பொருள்கள். இழுத்தல் என்ற வேரிலிருந்து வந்தது அது. காய்தல் என்ற வேரிலிருந்து வந்தது மற்றது.

அதிகாரி ஐந்து இடங்களிலும் வட்டமிட்டு மனுவைத் திருப்பித் தள்ளினார். பக்கத்தில் நின்ற பெரியவர் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்து, “என்ன தம்பி, நம்ம ஊர் பேரு விட்டுப்போச்சா?” என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் திருத்திக் கொடுத்து மனுவை ஏற்றுக்கொண்டார்கள் என்றாலும், சொல்லாத அந்தப் பதில் அப்படியே கிடக்கிறது.

கரும்பலகை:
நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி, “இருமலுக்கும் பிசைஞ்ச மாவுக்கும் எழுத்து ஒண்ணுதானே டீச்சர், சத்தம் மட்டும் ஏன் வேற?” என்று கேட்டாள். மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லி உட்காரவைத்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜி, எச் இணை ஒரு காலத்தில் தொண்டையில் உரசி எழும் ஒலியைக் குறித்தது. ஜெர்மானியர் இரவை ‘நாஹ்ட்’ என்றும் மகளை ‘டோஹ்டர்’ என்றும் இன்றும் அந்த உரசலோடு சொல்கிறார்கள்; ஆங்கிலத்தில் அவை ‘நைட்’, ‘டாட்டர்’ ஆகி, எழுத்து மட்டும் மிஞ்சிவிட்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற, பேச்சு அதற்காகக் காத்திருக்காமல் மாறிக்கொண்டே போனது. அந்த உரசல் சில சொற்களில் ‘ஃப்’ ஆனது, பலவற்றில் மறைந்தது.

ஆகவே பொருளைப் பிடித்துக்கொண்டுதான் ஒலிக்குப் போக வேண்டும். கடினம் ‘டஃப்’, சொரசொரப்பு ‘ரஃப்’, போதும் ‘இனஃப்’. இருமல் ‘காஃப்’, தொட்டி ‘ட்ராஃப்’. மாவு ‘டோ’, ஆனாலும் என்பது ‘தோ’. மரக்கிளை ‘பௌ’, ஏர் ‘ப்ளௌ’. அமெரிக்கர்கள் ஏரை டபிள்யூ போட்டு எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். இறுதியில் டி சேர்ந்தால் வாங்கியது ‘பாட்’, கொண்டுவந்தது ‘ப்ராட்’, நினைத்தது ‘தாட்’, தேடியது ‘சாட்’ என்று வரிசையாக வரும். வானம்பார்த்தவன் தம்பியின் வறட்சி அந்த வரிசையில் சேராது. ஊடாக என்னும் ‘த்ரூ’வுக்கும் முழுமையாக என்னும் ‘தரோ’வுக்கும் நடுவே ஒரே ஓர் ஓ தான் வேறுபாடு, அலுவலகக் கடிதங்களில் நான் மிகுதியாகத் திருத்தியது அதைத்தான். நல்லவேளையாகத் தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. எழுதியதை எழுதியபடியே படிக்கிறோம்.

பனிமூட்டம்:
ஆசிரியர் அம்மா, கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. டொராண்டோவில் என் மகள் தமிழ் வாசிக்கத் தொடங்கியபோது, காகம் என்பதைச் சரியாகப் படித்தவள் அடுத்த வரியில் காந்தியையும் காகத்தின் ‘கா’ போலவே ஒலித்தாள். நான் திருத்தியதும் இரண்டு சொற்களின் மீதும் மாறிமாறி விரலை வைத்து, “ரெண்டும் ஒரே எழுத்துதானேப்பா?” என்றாள். கல், பகல், தங்கம் என்று இடத்தைப் பார்த்து ஒலி மாறுவதற்கு விதி உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். காந்திக்கு எந்த விதியைச் சொல்வது? நீங்கள் அந்த மாணவிக்குச் சொன்ன அதே பதிலைத்தான் நானும் சொன்னேன்.

கரும்பலகை:
நீங்கள் சொல்வது சரிதான். பிறமொழிச் சொற்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மேற்குரயில்:
என்னுடையது சிறியது. இலண்டன் பாடிங்டன் நிலையத்தில், இந்த நான்கு எழுத்துகளில் முடியும் ஓர் ஊரின் பெயரை ‘ஸ்லோ’ என்று படித்து, அங்கே போக ஒரு சீட்டு என்று மூன்று முறை கேட்டேன், சீட்டு கொடுப்பவருக்குப் புரியவில்லை. எழுதிக் காட்டியதும், “ஸ்லௌ” என்று மெதுவாக, அன்போடு சொன்னார். அந்த ஊரில்தான் இப்போது ஆறு ஆண்டுகளாக வாழ்கிறேன். அதன் பெயருக்குச் சேற்று நிலம் என்று பொருள்.

பொன்னி:
அதே எழுத்துகளை நான் வார்டில் தினமும் ‘ஸ்லஃப்’ என்று சொல்கிறேன். புண்ணின் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கும் இறந்த திசுவுக்கு அதுதான் பெயர். பாம்பு உரித்துப்போடும் சட்டைக்கும் அதே சொல். உங்கள் ஊரை ஒரு நோயாளியின் முகவரியில் முதன்முதலாகப் பார்த்தபோது நானும் அப்படித்தான் வாசித்தேன். இந்த முறை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் அவரிடமே கேட்டுக்கொண்டேன்.