நிசேயா சங்கம்: மே 20 அன்றா, ஜூன் 19 அன்றா?

ஏட்டுச்சுவடி: "நிசேயா சங்கம் கி.பி. 325 மே 20 அன்று கூடியது, இதில் ஐயமே இல்லை" என்று மறைமணி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய முதல் பொதுப் பேரவை அது. பின்னர் 451இல் கூடிய இன்னொரு ஆயர் பேரவையான கால்செதோன் சங்கத்தின் ஏடுகளில் நிசேயாவுக்கு ஜூன் 19 என்று இருக்கிறது. சங்கத்தின் ஏட்டையே தள்ளிவிட்டு எதைப் பார்த்து எழுதினீர்கள், ஐயா?

மறைமணி: திருச்சபை வரலாறு எழுதிய சோக்ரடீசைப் பார்த்துத்தான், தத்துவஞானி சோக்ரடீஸ் அல்ல. பவுலினுசும் யூலியானுசும் கன்சல்களாக (ரோமானியர் ஆண்டைக் குறிக்கப் பெயர் சொல்லும் உயர் அதிகாரிகளாக) இருந்த ஆண்டு, மே மாதம் இருபதாம் நாள் என்று தெளிவாகச் சொல்கிறார். அவர் கால்செதோனுக்கு முந்தியவர்.

ஏட்டுச்சுவடி: முந்தியவர் என்றால் எவ்வளவு? அவருடைய வரலாறு 439ஆம் ஆண்டோடு முடிகிறது. அதுவே நிசேயாவுக்கு 114 ஆண்டு பிந்தியது. நேரில் இருந்தவர் செசரியா ஆயர் யூசேபியுஸ். பேரரசர் கான்ஸ்தந்தீன் செந்நீல அங்கியில் நுழைந்ததையும், ஆயர்கள் சைகை காட்டும் வரை உட்காராமல் நின்றதையும் எழுதிய அவரே நாளைச் சொல்லவில்லை. "ஐயமே இல்லை" என்று சொல்ல உங்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

கடற்கரையான்: இரண்டு தேதிக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். ரோமானியர் மாதத்தின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், அந்த முதல் நாளையும் சேர்த்து. ஜூலை 1 ஒன்று, ஜூன் 30 இரண்டு என்று விரல் விட்டு எண்ணுங்கள். பதின்மூன்றாவது ஜூன் 19. ஜூன் 1இலிருந்து அதே பதின்மூன்று எண்ணினால் மே 20. மாதப் பெயரைப் படியெடுத்தவர் மாற்றி எழுதியிருந்தால் போதும்.

மறைமணி: அப்படியானால் பிழை கால்செதோன் ஏட்டில்தான்.

ஏட்டுச்சுவடி: அதெப்படி? அங்கே ஜூலைக் கணக்கோடு ஜூனுக்கு இணையான மாசிதோனிய மாதமான தேசியுஸ் 19 என்றும் சேர்த்து எழுதியிருக்கிறது. இரண்டு கணக்கும் பொருந்துகின்றன. சோக்ரடீசிடம் அந்தத் துணைச் சான்று இல்லை. ஜூன் 19.

மறைமணி: அந்தத் தேதி, நிசேயாவில் ஏற்கப்பட்ட விசுவாச அறிக்கையின் தலைப்பில் நிற்கிறது. அறிக்கை ஏற்கப்பட்ட நாளாக ஏன் இருக்கக் கூடாது?

ஏட்டுச்சுவடி: நேற்று "ஐயமே இல்லை", இன்று "ஏன் இருக்கக் கூடாது". ஈஸ்டர் நாள் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் தடம் மாறினீர்கள். ஜூன் 19.

மறைமணி: ஈஸ்டரை இங்கே இழுக்காதீர்கள். அன்று நிசேயாவில் கூடியவர்கள் 318 ஆயர்கள் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள். யூசேபியுஸ் 250க்கு மேல் என்கிறார், அங்கே இருந்த அந்தியோக்கியா ஆயர் யூஸ்தாத்தியுஸ் சுமார் 270 என்கிறார். விவிலியத்தில் வரும் ஆபிரகாமின் 318 ஆட்களை நினைவூட்டும் எண்ணை வரலாறாக்கியவர் எனக்குப் பாடம் நடத்துகிறாரா?

ஏட்டுச்சுவடி: 318 என்பது மரபு என்றுதான் எழுதினேன். தேடிப் பாருங்கள்.

கடற்கரையான்: மே 20 தொடக்கம், ஜூன் 14 பேரரசர் வருகை, ஜூன் 19 அறிக்கை என்று அறிஞர்கள் சிலர் இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜூன் 14, கான்ஸ்தாந்திநோப்பிள் ஆயர் அத்திகுஸ் தரும் நாள்.

ஏட்டுச்சுவடி: மூன்று தேதிகளையும் நூலில் கோத்து மாலையாக்கலாம், நண்பரே. அப்படி வரிசைப்படுத்திய பழைய ஏடு ஒன்றைக் காட்டுங்கள், பேசுவோம்.

மறைமணி: ஒருவருக்கும் பேச இடம் கொடுக்காமல் நீங்களே எழுதிக்கொண்டிருந்தால் யார் காட்டுவது? சோக்ரடீசின் வரி மாறவில்லை. மே 20.

ஏட்டுச்சுவடி: தேசியுஸ் 19க்கு இன்னும் பதில் வரவில்லை.